வீட்டிலிருந்து வேலை, கவனச் சிதறல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டிலிருந்து வேலை செய்வோர் எழுதியவை. ஒரே கேள்வியைப் பலர் அனுப்பியிருந்தால், அவற்றுள் விவரமாக எழுதப்பட்ட ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஒரே ஒரு படுக்கையறை கொண்ட வாடகை வீடு. கூடத்தில் அமர்ந்தால் தொலைக்காட்சி, படுக்கையறையில் அமர்ந்தால் தூக்கம். தனி அறைக்கு வழியில்லை. என்ன செய்வது? (மென்பொருள் சோதனையாளர், மேடவாக்கம்)

பதில்: தனி அறை இருந்தால் நல்லது என்பதில் ஐயமே இல்லை. ஷாங்காயில் சிட்ரிப் என்னும் பயண நிறுவனத்தில், 2010ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 9 மாதங்கள், ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமின் குழு நடத்திய ஆய்வில், வீட்டிலிருந்து வேலை செய்த அழைப்பு மைய ஊழியர்களின் செயல்திறன் ஏறத்தாழ 13 விழுக்காடு உயர்ந்தது. இந்த எண்ணை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள்; வீட்டில் தனி அறை உள்ளவர்கள் மட்டுமே அந்த ஆய்வில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள் என்பதைச் சொல்வோர் குறைவு.

அறை இல்லாதவர் ஒரு மூலையையாவது நிலையாக ஒதுக்க வேண்டும். கூடத்திலேயே, சுவரைப் பார்த்தபடி, சமையலறையில் நடமாடுவோர் உங்கள் கண்ணில் படாதவாறு மேசையைத் திருப்பிப் போடுங்கள். காணொலிக் கூட்டத்தில் வீடே பின்னால் தெரியுமே என்றால், பின்னணியை மங்கலாக்கிக்கொள்ளும் வசதி பெரும்பாலான செயலிகளில் உண்டு. வேலை நேரத்தில் தொலைக்காட்சி ஓடியே ஆக வேண்டுமென்றால், காதில் ஹெட்போன் மாட்ட வேண்டியவர் அதைப் பார்ப்பவரே, நீங்கள் அல்ல. கட்டிலில் அமர்ந்து வேலை செய்யாதீர்கள். இதைப் பலமுறை எழுதிவிட்டேன்.

கேள்வி: எனக்குக் கவனமே நிற்பதில்லை. உடனே பதில் தரவும். (திருச்சி)

பதில்: என்ன வேலை செய்கிறீர்கள், எத்தனை மணிக்குத் தொடங்குகிறீர்கள், எது உங்களை இழுக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. மூன்று நாள்களுக்கு, இருக்கையை விட்டு எழுந்த ஒவ்வொரு முறையும் நேரத்தையும் காரணத்தையும் ஒரு தாளில் குறித்து, அந்தத் தாளை அனுப்புங்கள்.

கேள்வி: கைபேசியைக் கட்டுப்படுத்த நான்கு செயலிகளை நிறுவிப் பார்த்துவிட்டேன். ஐந்தாவதாக எதைப் பரிந்துரைக்கிறீர்கள்? (பொள்ளாச்சி)

பதில்: எதையும் இல்லை. நீங்களே போட்ட பூட்டை நீங்களே திறந்துகொள்வீர்கள் என்பதை நான்கு முறை நிரூபித்த பிறகும் ஐந்தாவதைக் கேட்கிறீர்கள். கைபேசி வேறு அறையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒலியடக்கிக் கவிழ்த்து வைத்தாலும் மேசையில் கிடக்கும் கைபேசி மனத்தின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று, ஏட்ரியன் வார்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. பின்னர் வந்த மறு ஆய்வுகளில் சில அந்த விளைவைக் காணவில்லை என்றாலும், எழுந்து போனால்தான் எடுக்க முடியும் என்ற நிலை கையைத் தடுக்கும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. ஓடிபி வருமே என்று உடனே கேட்பார்கள். காலையில் ஒருமுறை ஓடிபி வாங்கி உள்நுழைந்த பின், கைபேசியைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் வைத்து, வீட்டாரின் அழைப்புக்கு மட்டும் மணி அடிக்குமாறு செய்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்ற பொமோடோரோ முறை உண்மையில் பயன்படுமா? (ஓசூர்)

பதில்: தொடங்கவே மனம் வராத வேலைக்கு நன்றாகப் பயன்படும். 1980களின் இறுதியில் இத்தாலிய மாணவராக இருந்த ஃபிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துத் தமக்காக வகுத்துக்கொண்ட அளவு அது. எல்லோருக்குமான சட்டம் அன்று. நிரல் எழுதுவோரும் கணக்கு சரிபார்ப்போரும் 50 நிமிடம் வைத்துக்கொள்ளலாம். ஓய்வு நேரத்தில் கைபேசியை எடுத்தால் அது ஓய்வாகாது.

கேள்வி: குழு அரட்டையில் வரும் செய்திக்கு இரண்டு நிமிடத்துக்குள் பதில் தராவிட்டால் மேலாளர் தொலைபேசியில் அழைக்கிறார். நான் இணைப்பில் இருப்பதாக அரட்டைச் செயலி காட்டும் பச்சை விளக்கு அணைந்தாலும் கேள்வி வருகிறது. வீட்டில் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனாலும் மாலைக்குள் ஒரு வேலையும் முடிவதில்லை. (கணக்குப் பிரிவு ஊழியர், ஈரோடு)

பதில்: இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன். வீட்டிலிருந்து வேலை என்றதும் குழந்தை, குக்கர், தொலைக்காட்சி என்று வீட்டையே குற்றக் கூண்டில் ஏற்றுகிறார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வருவோரை நாள் முழுவதும் குறிப்பெடுக்கச் சொல்லிப் பார்த்ததில், அதிகமாகக் குறுக்கிட்டது பெரும்பாலும் அலுவலகமே. குழந்தை ஒரு மணி நேரத்தில் மூன்று முறை வரும். குழு அரட்டை முப்பது முறை வரும்.

ஒரு வேலையைப் பாதியில் விட்டு மற்றொன்றுக்குத் தாவும்போது முந்தைய வேலையின் நினைவு முழுவதுமாக விலகுவதில்லை என்பதை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இலேயே விளக்கிவிட்டார். கலைந்த வேலைக்கு முழுமையாகத் திரும்ப 20 நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பது குளோரியா மார்க்கின் ஆய்வுகளிலிருந்து பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த எண்ணைப் பாதியாக்கினாலும், பத்து நிமிடத்துக்கு ஒரு செய்தி வருகிற இடத்தில் சிந்தித்துச் செய்யும் வேலை நடக்காது.

பச்சை விளக்கு இதைவிட மோசம். மைக்ரோசாஃப்டின் டீம்ஸ் அரட்டைச் செயலியில் ஐந்து நிமிடம் விசைப்பலகையையும் மவுசையும் தொடாவிட்டால் விளக்கு மஞ்சளாகிவிடும். அது கை அசைந்ததைக் காட்டுமே தவிர, வேலை நடந்ததைக் காட்டாது. எனக்குத் தெரிந்த கணக்காளர் ஒருவர், அச்சிட்ட இருப்புநிலைக் குறிப்பை வலக்கையில் பென்சிலுடன் வரிவரியாகச் சரிபார்க்கும்போது, இடக்கையால் மவுசை அவ்வப்போது நகர்த்திக்கொண்டே இருக்கிறார். மவுசைத் தானாக அசைக்கும் கருவிகள் கடையில் விற்பனையாவது ஊழியர்களின் நேர்மைக்குறைவால் என்று மேலாளர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை; அந்தச் சந்தையை உருவாக்கியவர்கள் அவர்களே.

உங்களுக்கான வழி: மேலாளரிடம் குறை சொல்லாமல், எழுத்தில் ஓர் ஏற்பாட்டை முன்வையுங்கள். காலை 10 முதல் 11.30 வரை கணக்கு முடிக்கும் நேரம், அரட்டை மூடியிருக்கும், 11.30க்கும் 1 மணிக்கும் எல்லாச் செய்திகளுக்கும் பதில் வரும். அவசரமென்றால் தொலைபேசியில் அழைக்கலாம். இரண்டு வாரம் மட்டும் முயன்று பார்ப்போம் என்று கேளுங்கள். காலவரையறை இருந்தால் மறுப்பது கடினம். எவை அவசரம் என்பதை அவரையே பட்டியலிடச் சொல்லுங்கள். அந்தப் பட்டியல் பெரும்பாலும் நான்கைந்து வரிகளில் முடிந்துவிடும்.

கேள்வி: கணவரும் நானும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறோம். சிலிண்டர், கூரியர், மாமியார் அழைப்பு என்று நானே எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. மூன்று வயதுக் குழந்தையும் உண்டு. கவனத்தைக் கூட்டத் தியானம் உதவுமா? (கோயம்புத்தூர்)

பதில்: இரண்டு பக்கக் கடிதத்தில், அழைப்பு மணி கேட்டு உங்கள் கணவர் எழுந்ததாக ஒரு வரிகூட இல்லை. உங்களுக்கு வேண்டியது தியானம் அன்று, முறை வைத்துக்கொள்வது. மதியம் வரை வாசல் அவர் பொறுப்பு, பிறகு உங்கள் பொறுப்பு. இதை வீட்டில் எல்லோர் முன்னும் அவரே சொல்ல வேண்டும். மாமியாரிடம் "வேலையாக இருக்கிறேன்" என்று சொல்வதைவிட, "பதினொரு மணிக்கு வந்துவிடுகிறேன், அத்தை" என்று நேரத்தைச் சொல்லி, அந்த நேரத்துக்கு எழுந்து போங்கள். மூன்று வயதுக் குழந்தையைத் தனியே பார்த்துக்கொண்டு கவனமாக வேலை செய்யும் முறை எதுவும் கிடையாது. வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். கைபேசியைக் குழந்தையிடம் கொடுத்துவிடுவதை நான் சொல்லும் "வேறு அறை" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஆடி மாதம் முழுவதும் தெருக்கோயில் மைக் செட். இரைச்சல் நீக்கும் ஹெட்போன் வாங்கலாமா? (மதுரை)

பதில்: மின்விசிறி, ஏசி போன்ற சீரான உறுமலையே அது நன்றாகக் குறைக்கும், கூம்பு ஒலிபெருக்கியில் வரும் பாட்டு ஓரளவு கேட்கத்தான் செய்யும். இரவு 10 முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்வதால், ஆடி வெள்ளிகளில் விடியற்காலையில் கடினமான வேலையை முடித்துவிடுவது மலிவான வழி.

கேள்வி: பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்யலாமா? (நாகர்கோவில்)

பதில்: படிக்கிற, எழுதுகிற வேலையென்றால் சொற்கள் உள்ள பாட்டு வேண்டாம். வீணையோ நாகசுரமோ கேளுங்கள்.

கேள்வி: மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் வேலை அப்படியே நின்றுவிடுகிறது. இன்வெர்ட்டர் வாங்க இப்போது வசதியில்லை. (விழுப்புரம்)

பதில்: முந்தைய நாளே அறிவிக்கப்படும் மின்தடையை நாள் பாழானதற்குக் காரணமாகச் சொல்லாதீர்கள். இரவே மடிக்கணினியை முழுமையாக மின்னேற்றி, வேண்டிய கோப்புகளை இறக்கிவைத்துக்கொண்டு, இணையம் தேவைப்படாத வேலையை அந்த நாளுக்கு ஒதுக்குங்கள். ரௌட்டருக்கு மட்டுமான சிறு யுபிஎஸ் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரண்டு, மூன்று மணி நேரம் தாங்கும். வாங்கும்போது ரௌட்டர் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று அதன் அடாப்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.