வன்னியில் ஊர் வீதிப் பயணமும் வளவில் பறவை பார்த்தலும்: எங்கிருந்து தொடங்கலாம்?

கிளிநொச்சிக்கு இடமாற்றம் பெற்று வந்துள்ள ஒருவர், ஓய்வு நாட்களில் வன்னியின் ஊர் வீதிகளில் நிதானமாக வாகனம் ஓட்டிச் செல்லவும், குடியிருக்கும் வீட்டின் வளவிலேயே பறவைகளைக் கவனிக்கவும் விரும்புவதாகவும், எந்த வீதியில், எந்த மாதத்தில், வளவில் என்ன ஏற்பாட்டோடு தொடங்கலாம் என்றும் கேட்டிருக்கிறார். இவ்விரண்டிலும் நெடுநாள் விருப்பமுள்ள வன்னி வாசி என்ற வகையில் எனது பதில் இதுதான்: இந்த மாதத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். எந்தப் பறவை எங்கே இருக்கும், எந்த வீதியில் போனால் கண்ணுக்கு நிறைவு கிடைக்கும், உங்கள் வளவுக்கு எவை வரும் என்பவை யாவும் இங்கே தண்ணீரிலேயே தங்கியிருக்கின்றன.

வன்னியின் மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாரியில் பெய்துவிடுகிறது. குளங்கள் நிரம்பிக் கலிங்கு வழியாக வழியும் நாட்களில் இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டில் நின்று பார்ப்பவருக்கு அந்த நீர்ப்பரப்பே போதுமானதாக இருக்கும்; ஆனால் பறவைகளைத் தேடிப் போனவர் ஏமாற நேரிடும், ஏனெனில் ஆழமான நீரில் நாரைக்கும் கொக்குக்கும் கால் ஊன்ற இடமில்லை, அவை அப்போது வயல்களிலும் வீதியோரக் குட்டைகளிலும் சிதறிக் கிடக்கும். சிறுபோக நெற்செய்கைக்கு நீர் திறந்து, கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றில் குளம் வற்றி, அலைகரையில் (குளத்து நீரோரத்தில்) சேறு தெரியத் தொடங்கும் ஆடி, ஆவணி மாதங்களில் நிலைமை தலைகீழாகும். எஞ்சிய நீரில் மீனும் நத்தையும் செறிந்திருப்பதால் நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், கூழைக்கடா எல்லாம் ஓரிடத்தில் கூடும். கோடை வெயிலுக்கு அஞ்சி அந்த மாதங்களில் வெளியே போகாமல் இருந்துவிடாதீர்கள். காலை ஒன்பது மணிக்குள் பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்துவிடலாம்.

வளவிலும் இதே கணக்குத்தான். சோறும் அரிசியும் தூவுவதை நான் விரும்புவதில்லை. அது முதலில் காகங்களைப் பழக்குகிறது; காகம் பழகிய வளவில் சிறு குருவிகளின் முட்டைக்கும் குஞ்சுக்கும் பாதுகாப்பில்லை. அதற்குப் பதிலாக வாயகன்ற, ஆழமில்லாத மண் சட்டி ஒன்றில் இரண்டு விரற்கடை அளவுக்கு நீர் ஊற்றி, நடுவில் ஒரு கல்லையும் போட்டு, மர நிழலில், பூனை பதுங்கக்கூடிய பற்றைக்குச் சற்று விலகி வையுங்கள். நாள்தோறும் நீரைக் கொட்டிச் சட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நுளம்பு முட்டையிட்டாலும் அது பெருகுவதற்கு இடமிராது. டெங்கு மலிந்த காலத்தில் இதில் கவனக்குறைவு கூடாது.

கோடையில் அந்தச் சட்டிக்கு முதலில் வருவது பெரும்பாலும் புலுனி (தவிட்டுக்குருவி) கூட்டம்தான். ஒன்று முருங்கைக் கொப்பில் காவலுக்கு நிற்க, மற்றவை ஒவ்வொன்றாக இறங்கும். சட்டியின் விளிம்பில் நின்று தலையைச் சரித்து, வெளிறிய கண்ணால் நீரைப் பார்த்து, பின்பு நெஞ்சு நனைய உட்கார்ந்து சிறகை அடித்து நீரை வாரி இறைக்கும். முழுகி முடிந்ததும் கொப்பில் நெருக்கியடித்து அமர்ந்து ஒன்றின் கழுத்து இறகை மற்றொன்று கோதிவிடும். காவல் நின்ற புலுனி இடையில் மாறியிருப்பதையும், பருந்தின் நிழல் பட்டதும் ஒரு குரலுக்கு எல்லாம் பற்றைக்குள் மறைவதையும் பொறுமையாக இருப்பவர் காண்பார். மிகச் சாதாரணமான பறவை என்று பலர் இதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. எனக்கோ இவ்வளவு குடும்ப ஒற்றுமையுள்ள பறவை இந்த ஊரில் வேறில்லை என்றே படுகிறது.

வளவில் இன்னும் இரண்டு காரியங்கள் செய்யலாம். கிளுவையும் பூவரசும் நட்ட உயிர்வேலி இருக்குமானால் அதை வெட்டிவிட்டு மதில் கட்ட வீட்டுக்காரரை அனுமதிக்காதீர்கள்; செம்பகம் தத்தித் திரிவதும், தேன்சிட்டு சிலந்தி நூலால் கட்டிய கூட்டைத் தொங்கவிடுவதும் அத்தகைய வேலியிலும் அதையொட்டிய செவ்வரத்தையிலும்தான். மற்றது, மரத்தடிச் சருகு முழுவதையும் கூட்டி எரித்துவிடாமல் ஒரு மூலையிலாவது விட்டுவையுங்கள். இந்தியாவிலிருந்து கடல் கடந்து ஒக்டோபர் அளவில் வந்துசேரும் ஆறுமணிக்குருவி அந்தச் சருகைப் புரட்டித்தான் புழுப் பூச்சி தேடும். அதே பருவத்தில் நீண்ட வெண்ணிற வாலோடு ஓர் அரசவால் ஈப்பிடிப்பான் மாமரத்தடியில் தென்பட்டால், அதுவும் இந்தியாவிலிருந்து வந்த விருந்தாளிதான். இலங்கையிலேயே வாழும் இனப்பிரிவின் ஆண்கள் எப்போதும் செம்பழுப்பாகவே இருக்கும், வெண்ணிறம் பெறுவதில்லை.

இனி வீதிகள். கண்டி–யாழ்ப்பாணம் நெடுஞ்சாலையான ஏ9 வீதியை இதற்காக நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே பேருந்துகளின் வேகத்துக்கு இடம்விடுவதிலேயே கவனம் போய்விடும். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் கடலையும் வாங்கிக்கொண்டு, மேற்கே திரும்பி அக்கராயன் வழியாக ஜெயபுரம் செல்லும் வீதியில் போங்கள். அல்லது மாங்குளத்திலிருந்து மல்லாவி வழியாக, பாலியாற்று நீரைத் தேக்கும் வவுனிக்குளத்துக்குப் போங்கள். காடு மிகுந்த பயணம் வேண்டுமானால் மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு செல்லும் ஏ34 இருக்கிறது. பாலையும் வீரையும் முதிரையும் இருபுறமும் நிற்கும் அந்த வீதியில் காலையில் காட்டுக்கோழிச் சேவல் ஓரத்துக்கு வந்து கிளறும். உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத அந்தப் பறவையைப் பார்க்க நுழைவுச்சீட்டு எடுத்துச் சரணாலயத்துக்குப் போக வேண்டியதில்லை. பாலைப்பழக் காலத்தில் இருவாச்சியையும் எதிர்பார்க்கலாம்.

வாகனத்தைவிட்டு இறங்காமல் பார்ப்பதுதான் பெரும்பாலும் நல்லது. மின்கம்பியில் இருக்கும் பனங்காடையும் பஞ்சுருட்டானும் நிற்கும் வாகனத்தைப் பொருட்படுத்துவதில்லை, ஆனால் கதவு திறந்த உடனே பறந்துவிடும். ஆகவே பறவையைக் கண்டபின் திடீரென்று பிரேக் பிடிக்காமல், சற்று முன்னதாகவே வேகம் குறைத்து, ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள். தொலைநோக்கி வாங்குவதானால் 8×42 அளவு போதும். எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும், 42 மில்லிமீற்றர் முன்வில்லை அதிகாலை ஒளியிலும் தெளிவு தரும். அதைவிடப் பெரிதாக வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும்.

டிசம்பர் முதல் மார்ச் வரை ஒரு முழு நாள் கிடைத்தால் மன்னார்ப் பக்கம் போவதே சிறந்தது. பூநகரியிலிருந்து முழங்காவில், விடத்தல்தீவு ஊடாக ஏ32 வீதியில் இறங்கினால் வயலும் பனையும் உவர்நிலமும் மாறி மாறி வரும். 2008ஆம் ஆண்டு சரணாலயமாக்கப்பட்டு, 2010இல் உலக முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட வங்காலையில், வட ஆசியாவிலிருந்து வரும் ஊசிவால் வாத்துகள் ஆழமற்ற நீரில் பெருங்கூட்டமாக மிதக்கும். பூநாரைகளையும் அவ்வப்போது காணலாம். முருங்கன் அருகே கட்டுக்கரைக்குளத்தையும் அதே பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கிழக்கே 1938இல் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளம் உங்களுக்கு இன்னும் அண்மையானது. கனகராயன் ஆறு இரணைமடுவைக் கடந்து அங்குள்ள கடனீரேரியில்தான் விழுகிறது. ஆகவே இரணைமடு நிரம்பி வழிந்த ஆண்டில் அங்கே நன்னீர் மிகுந்து, நீர் இறங்கிய பிறகே கரைப்பறவைகள் ஓரத்துக்கு வரும். இரணைமடுவின் நீர்மட்டத்தை ஊரிலேயே விசாரித்துவிட்டு அங்கே புறப்படுவது பயணத்தை வீணாக்காது.

இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விட முடியாது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையோ எல்லைக் கயிறோ தெரியும் இடத்தில், எவ்வளவு அரிய பறவை உள்ளே இறங்கினாலும், வீதியைவிட்டு ஓர் அடியும் வைக்கக் கூடாது. கண்ணிவெடி அகற்றும் வேலை முடிந்த இடங்களிலும் ஊரவர்கள் நடக்கும் தடத்திலேயே நடவுங்கள். மற்றது யானை. முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் காட்டு வீதிகளில் பொழுது சாயும் வேளையில் அவை குளத்துக்கு இறங்கும் என்பதால், ஐந்து மணிக்குள் பிரதான வீதிக்குத் திரும்பிவிடுமாறு பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். எதிரே யானை நின்றால் ஒலியெழுப்பாமல், விளக்கை மினுக்காமல், தொலைவிலேயே நிறுத்தி அது கடந்து போகும்வரை காத்திருக்க வேண்டும்.