என் கடல்நீர் மீன் தொட்டியில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்ஜியம் என்று சோதனை காட்டுகிறது. ஆனாலும் பாறை முழுவதும் பச்சைப் பாசி படர்கிறது. எந்த மருந்தை ஊற்றலாம்?

மருந்து எதையும் இப்போதைக்கு ஊற்றாதீர்கள். முதலில் அந்தப் பூஜ்ஜியத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சோதனைக் கருவி அளப்பது, நீரில் யாரும் உறிஞ்சாமல் மிஞ்சியிருக்கும் சத்தை மட்டுமே. மீன்களின் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் வெளிவரும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும், அவை நீரில் தேங்குவதற்கு முன்பே, பாறைமேல் அடர்ந்து நிற்கும் பாசி எடுத்துக்கொண்டுவிடுகிறது. ஆகவே தொட்டியில் சத்தே இல்லை என்று அந்த எண்ணுக்குப் பொருள் கொள்ள முடியாது. வரும் சத்தெல்லாம் பாசிக்கே போய்ச் சேருகிறது என்பதே அதன் பொருள். பாறையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கால்சியம் கார்பனேட்டால் ஆன பாறை, நீரில் பாஸ்பேட் கூடும்போது அதைப் பிடித்துவைத்து, குறையும்போது மெல்ல வெளிவிடும். சத்து மிகுந்த பழைய தொட்டியிலிருந்து எடுத்து வந்த பாறையாக இருந்தால், பாசிக்கு அது ஒட்டியிருக்கும் இடத்திலிருந்தே மாதக்கணக்கில் உணவு கிடைத்துக்கொண்டிருக்கும்.

அடுத்து, படர்ந்திருப்பது எது என்று உறுதிசெய்யுங்கள். ஒரு கொத்தைப் பிய்த்து, வெள்ளைக் கிண்ணத்தில் தொட்டி நீர்விட்டு மிதக்கவிட்டு, பூதக்கண்ணாடியால் பாருங்கள். மெல்லிய நூல்களாக மட்டும் பிரிந்து நின்றால் அது சாதாரண முடிப்பாசி. நடுத்தண்டின் இருபுறமும் இறகைப்போலச் சிறு கிளைகள் வரிசையாக நின்றால் அது பிரையாப்சிஸ் என்ற பாசி. பெரும்பாலான நத்தைகள் அதைத் தொடுவதில்லை. மணல்மேல் சிவப்பும் ஊதாவுமாகப் படர்ந்து, தொட்டால் ஏடாகப் பெயர்ந்து வருவது சயனோபாக்டீரியா என்ற பாக்டீரியா வகை. புதிய தொட்டியின் முதல் வாரங்களில் படியும் பழுப்புத் தூள் டயாட்டம் என்ற நுண்பாசி. நீரிலுள்ள சிலிக்கேட் தீர்ந்ததும் அது பெரும்பாலும் தானாகவே போய்விடும்.

நான் உண்மையில் அஞ்சுவது வேறொன்றுக்கு. காற்றுக்குமிழிகள் சிக்கிய பழுப்புச் சளியாகத் தோன்றி, இரவில் மங்கி, மறுநாள் விளக்கு எரிந்த சில மணி நேரத்தில் மீண்டும் தடிக்கும் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்ற நுண்ணுயிர்களே அவை. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மெய்யாகவே வற்றிப்போன தொட்டிகளில்தான் அவை அடிக்கடி தலையெடுக்கின்றன. அவற்றில் சில வகைகளின் நச்சு நத்தைகளைக் கொன்றுவிடும். பாசியைப் பட்டினி போடுகிறேன் என்று சத்தை அடியோடு துடைத்தெடுப்பதை நான் எதிர்ப்பது இதனால்தான். பவளங்களுக்கும் சிறிது சத்து வேண்டும். என் தொட்டியில் பாஸ்பேட்டை 0.03 முதல் 0.1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரையிலும் நைட்ரேட்டை 5 முதல் 10 பிபிஎம் வரையிலும் வைத்திருக்கிறேன்.

முடிப்பாசிதான் என்று தெரிந்துவிட்டால், முதல் வேலையைக் கையால்தான் செய்ய வேண்டும். வெளியே எடுக்கக்கூடிய பாறைகளை, தொட்டி நீர் நிரப்பிய வாளியில் வைத்துக் கடினமான தூரிகையால் தேய்த்து, இன்னொரு வாளி உப்புநீரில் அலசிய பின்பே திரும்ப வையுங்கள். எடுக்க முடியாத பாறைகளுக்கு, சைஃபன் குழாயின் முனையில் ஒரு பல் துலக்கும் தூரிகையைக் கட்டிக்கொண்டால், தேய்க்கும் இடத்திலேயே துணுக்குகள் உறிஞ்சப்பட்டுவிடும். தொட்டிக்குள் வெறுமனே தேய்த்தால், மிதந்து போகும் ஒவ்வொரு துணுக்கும் வேறோர் இடுக்கில் முளைக்க வாய்ப்புண்டு. குழாயின் மறுமுனையை சம்பில் (தொட்டி நீர் சுற்றிவரும் துணைத் தொட்டி) உள்ள வடிகட்டிப் பைக்குள் விட்டால் நீர் வீணாகாது, அவசரமின்றி வேலை செய்யலாம். பிடுங்கி வெளியேற்றும் ஒவ்வொரு பிடிப் பாசியோடும், அது சேர்த்துவைத்த பாஸ்பேட்டும் தொட்டியை விட்டுப் போகிறது. மருந்தால் கொன்று உள்ளேயே அழுகவிட்டால் அந்தச் சத்து மீண்டும் நீருக்குத்தான் வரும்.

பாசியைக் குட்டையாக்கிய பிறகே மேயும் உயிர்களை விடுங்கள், ஏனெனில் நீண்ட இழைகளை நத்தைகள் பெரும்பாலும் சீண்டுவதில்லை. நான் ட்ரோக்கஸ் நத்தையைத்தான் பரிந்துரைப்பேன். ஆஸ்ட்ரியா நத்தை மணலில் மல்லாந்து விழுந்தால் பெரும்பாலும் எழ முடியாமல் அப்படியே இறந்துபோகிறது; ட்ரோக்கஸ் தன் பாதத்தை நீட்டித் தரையைப் பற்றி, ஓட்டை ஒரு சுழற்றுச் சுழற்றி நிமிர்ந்துவிடும். பெரிய தொட்டியாக இருந்தால் ஒரு கடல் முள்ளெலி இன்னும் வேகமாக மேயும், ஆனால் அது பாறையில் ஒட்டாத பவளத் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு திரியும்.

உள்ளே வரும் சத்தையும் குறைக்க வேண்டும். உறைந்த தீனியை உருகவைத்து, வடிகட்டியில் அலசிய பின் போடுங்கள். உப்பு கலக்கும் நீரும் ஆவியான அளவுக்கு ஊற்றும் நீரும் நீரிலுள்ள உப்புகளை நீக்கும் ஆர்ஓ டிஐ கருவியில் வந்ததாக, கரைந்திருக்கும் பொருள்களை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 0 காட்டுவதாக இருக்கட்டும். சம்பில் இடமிருந்தால் விளக்கு வைத்துக் கீட்டோமார்ஃபா என்ற பச்சைக் கடற்பாசியை வளருங்கள். பாறைமேல் உள்ள பாசி எடுக்கும் சத்தை அது எடுக்கும், அதை நீங்கள் அறுவடை செய்யலாம். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகள்களைப் பயன்படுத்தினால், குறிப்பிட்ட அளவில் பாதிக்கும் குறைவாகத் தொடங்குங்கள். பாஸ்பேட் திடீரென்று சரிந்தால் பவளங்களின் திசு உரிந்துபோகக்கூடும்.

மருந்து என்று நான் ஒப்புக்கொள்வது, கிண்ணத்தில் பார்த்தது பிரையாப்சிஸ் என்று உறுதியானால் மட்டுமே. பூஞ்சைக்குத் தரப்படும் ஃப்ளுகோனசோல் அதன்மேல் நன்றாக வேலை செய்கிறது. கரி வடிகட்டியை எடுத்துவிட்டு, கையால் முடிந்தவரை பிடுங்கிய பிறகு அதைப் போட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். இழைகள் வெளிறி உதிரத் தொடங்கியதும் உடனுக்குடன் சைஃபனால் உறிஞ்சி வெளியேற்றிவிடுங்கள்.