கிறிஸ்தவத் தியானக் கட்டுரைகள் எழுதும் என் அத்தையை எப்படி ஊக்குவிப்பது?

ஓய்வுபெற்ற ஆசிரியையான உங்கள் அத்தை வாரந்தோறும் தியானக் கட்டுரை எழுதிச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார், கும்பிடும் கைப் படங்களைத் தவிர எதுவும் திரும்ப வருவதில்லை, இப்போது எழுதுவதையே நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் சேகரத்தின் (ஒரே போதகரின் கீழுள்ள சபைகளின் தொகுப்பு) மாத இதழுக்குப் பல ஆண்டுகளாகக் கட்டுரை வாங்கி, திருத்தி, அச்சுக்கு அனுப்பி வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் இந்த "ஆசீர்வாதமாக இருந்தது" என்ற பதிலை உங்கள் வீட்டிலாவது தவிர்த்துவிடுங்கள். அதைச் சொல்ல கட்டுரையைப் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. எழுதுகிறவருக்கு அது நன்றாகவே தெரியும். அடுத்த கட்டுரை எப்போது வரும் என்று ஒருவர் கேட்டால் போதும், அது பத்துப் பாராட்டுக்குச் சமம். அவருக்கென்று ஓர் இடமும், ஒரு தேதியும், படித்துவிட்டுக் கேள்வி கேட்க ஓர் ஆளும் வேண்டும். இவை கிடைத்தால் எழுத்து தானாக நிற்காது என்பது என் எண்ணம்.

இதற்கு எங்கள் நெல்லைச் சீமையிலேயே பெரிய சான்று உண்டு. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் கிறிஸ்தவக் காவியமான இரட்சணிய யாத்திரிகம் 1894இல்தான் நூலாக வந்தது. அதற்கு முன்பே, 1878இல் தொடங்கி 13 ஆண்டுகள், நற்போதகம் என்ற மாத இதழில் தொடராக வந்துகொண்டிருந்தது. கம்பனில் ஊறிய வைணவக் குடும்பத்துப் புலவர், முப்பது வயதில் கிறிஸ்தவரானவர், ஒரு முழுக் காவியத்தையே பகுதி பகுதியாக எழுதி அனுப்புகிறார். ஒரு சமய இதழ் சலிக்காமல் அதற்குப் பக்கம் ஒதுக்குகிறது. இன்றைய இதழாசிரியர்களில் எத்தனை பேர் இப்படி ஒருவருக்குப் பக்கத்தைப் பிடித்து வைப்பார்கள்? (என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். ஸ்தோத்திரப் பண்டிகைப் புகைப்படங்கள் வந்துவிட்டால் முதலில் கழற்றப்படுவது தியானப் பக்கம்தான்.)

அடுத்தது கேள்வி கேட்பது. இங்கேதான் நம் ஆட்கள் தயங்குகிறார்கள். "கர்த்தர் எழுதச் சொன்னார், எழுதினேன்" என்று ஒருவர் கொடுத்த தாளில் எப்படிச் சிவப்பு மையை வைப்பது? நான் வைப்பேன். லூக்கா தன் சுவிசேஷத்தின் முதல் வசனங்களிலேயே, எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்து வரிசையாக எழுதுவதாகச் சொல்கிறார். அவரே விசாரித்துத்தான் எழுதினார் என்றால் நமக்கு என்ன விதிவிலக்கு?

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஓர் அக்கா, பஞ்சகாலத்தில் எலியா தீர்க்கதரிசிக்கு உணவளித்த சாறிபாத் ஊர் விதவையைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தார். பானையில் மாவு குறையவில்லை, கலயத்தில் எண்ணெய் குறையவில்லை, நம்முடைய தேவைகளையும் சந்திப்பார், ஆமென். எல்லாப் பிரசங்கத்திலும் கேட்டது. நான் திருத்தவில்லை, இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டேன். எலியா வரும்போது அந்தப் பெண் என்ன செய்துகொண்டிருந்தாள்? "உம்முடைய தேவன்" என்று ஏன் சொல்கிறாள்? அக்கா வேதத்தைத் திறந்து மறுபடி வாசித்தார். அவள் இரண்டு விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியாக ஒரு வேளை சமைத்துச் சாப்பிட்டுவிட்டு மகனோடு சாவதற்கு. சீதோன் நாட்டுக்காரி, அந்தத் தேவன் அவளுடைய தேவன் இல்லை. அடுத்த வாரம் அக்கா கொண்டுவந்த கட்டுரையில், தன் தெருவில் பீடி சுற்றும் பெண்கள் சனிக்கிழமைக் கூலி வருவதற்கு முந்திய இரண்டு நாட்களை எப்படி ஓட்டுகிறார்கள் என்பது இருந்தது. அவர்களில் பலர் கோயிலுக்குப் போகிறவர்கள், சபைக்கு வராதவர்கள். வீட்டில் இருக்கிற ஒரு படி அரிசியில் பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பவர்கள். அற்புதம் என்ற சொல்லே கட்டுரையில் இல்லை. அந்த மாத இதழைப் பற்றி எங்கள் போதகர் ஐயரே பீடத்தில் நின்று பேசினார்.

ஆகவே, உங்கள் அத்தையிடம் "நன்றாக இருக்கிறது" என்று சொல்வதற்குப் பதிலாக, "இந்த இடத்தில் நீங்கள் என்ன பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். ஆசிரியையாக இருந்தவர் என்கிறீர்கள். வகுப்பறைகளில் பார்த்தது எவ்வளவு இருக்கும்!

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். எங்கிருந்தோ வந்த கதைகளை எடுத்துப் போட விடாதீர்கள். கழுகு நாற்பது வயதில் மலையுச்சிக்குப் போய், அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகங்களைப் பிடுங்கிப் போட்டு, ஐந்து மாதம் காத்திருந்து புதுப் பறவையாகிறது என்ற கதையை ஏசாயா 40ஆம் அதிகாரத்தோடு சேர்த்து எத்தனை முறை கேட்டிருப்போம்! எந்தக் கழுகும் அப்படிச் செய்வதில்லை. அலகு இல்லாத கழுகு பட்டினியில் செத்துப்போகும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த உண்மையை நாம் விசுவாசத்தின் பெயரால் தவறாகச் சொன்னால், மற்றதை மட்டும் எப்படி நம்புவார்கள்?

இன்னொரு நெருக்கடி, எல்லாச் சாட்சியும் சுகத்தில் முடிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. வியாதி வந்தது, ஜெபித்தோம், போய்விட்டது. போகாதவர்கள் எங்கே போய்ப் படிப்பார்கள்? களக்காட்டுக்குப் பக்கத்தில் டோனாவூரில் வாழ்ந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டவர், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே இருந்தார். நடக்க முடியாத அந்த ஆண்டுகளிலும் புத்தகங்கள் எழுதினார். நோயாளியிலிருந்து நோயாளிக்கு என்ற நிலையிலிருந்து எழுதிய கடிதங்களும் அவற்றில் உண்டு. உங்கள் அத்தைக்குத் தீராத துக்கம் ஏதாவது இருந்தால், அதைத் தீர்ந்ததாக எழுதச் சொல்லி யாரும் வற்புறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுதவே விருப்பமில்லை என்றால் அதுவும் அவர் உரிமை.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும், யாரும் பேசுவதில்லை என்பதால். கன்வென்ஷனுக்கு வெளியூரிலிருந்து வரும் பிரசங்கியாருக்குப் பயணச் செலவு, காணிக்கை உறை, பொன்னாடை எல்லாம் உண்டு. ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களுக்கு நாற்பது தியானங்கள் எழுதிக் கொடுக்கும் பெண்மணிக்கு அச்சடித்த பிரதிகூடச் சில சமயம் காசு கொடுத்துத்தான் கிடைக்கிறது. கேட்டால் "ஊழியம்தானே" என்பார்கள். தஞ்சையில் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரை ஆதரித்தவர் இரண்டாம் சரபோஜி மன்னர். மன்னர் இந்து, ஆனால் இருவருமே ஜெர்மானிய மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்றவர்கள். பாடுகிறவனுக்கும் வயிறு உண்டு என்பது அரண்மனைக்குத் தெரிந்திருந்தது. எங்கள் சேகரக் கமிட்டியில் ஒரு கட்டுரைக்குச் சிறு தொகை என்று எழுதி வைக்கவே பெரிய வாக்குவாதம் நடந்தது. தொகை சொல்லக் கூச்சமான அளவுதான். ஆனாலும் அதை உறையில் போட்டு, பெயர் எழுதி, ஆராதனை முடிந்த பிறகு கையில் கொடுக்கிறோம். வாங்கும்போது ஒவ்வொருவரின் முகமும் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

பெயரைக் காப்பாற்றுவதும் இதில் சேரும். குழுவில் போடும் கட்டுரை நாலு கை மாறுவதற்குள் எழுதியவர் பெயர் காணாமல் போய்விடும், சில சமயம் வேறொருவர் பெயரோடு அதே குழுவுக்கே திரும்பி வரும். கட்டுரையின் தொடக்கத்திலேயே பெயரையும் ஊரையும் போடச் சொல்லுங்கள். கடைசியில் போட்டால் வெட்டுவது எளிது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைக்கட்டும். கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்வது உங்கள் வேலையாக இருக்கட்டும். பேசினால் எழுதும் செயலியை நம்பிவிடாதீர்கள், அது நேபுகாத்நேச்சாரை என்னென்னவோ ஆக்கிவிடுகிறது.

உங்கள் சபையில் இதழ் இருந்தால் ஆசிரியரை நேரில் பார்த்து, ஒரு பக்கம், மாதத்துக்கு ஒன்று, ஒரு வருடத்துக்கு என்று கேளுங்கள். "பார்க்கலாம்" என்பார். அடுத்த ஞாயிறும் கேளுங்கள். லெந்து கையேடு அச்சிடும் வழக்கம் இருந்தால் கிறிஸ்துமஸுக்கு முன்பே கட்டுரைகளைத் தயாராக வைத்திருப்பது நல்லது. ஜனவரியில் அவசரமாக ஆள் தேடுவார்கள், அப்போது கையில் இருப்பவரைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.