பழைய மாருதி 800: முதலில் தகரத்தைப் பாருங்கள் (கேள்வி-பதில்)

கேள்வி: 1997 மாடல் மாருதி 800 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கார்புரேட்டர் வண்டி, மூன்றாவது ஓனர், புதுசாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இன்ஜின் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. ஓட்டித் தேய்ப்பதற்கு இல்லை, ஆசைக்குத்தான் வாங்குகிறேன். எதையெல்லாம் பார்க்க வேண்டும்? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: உங்கள் கேள்வியில் எங்களை உறுத்துவது இன்ஜின் அல்ல, அந்தப் புதுப் பெயின்ட்தான். இந்த வண்டியில் இருக்கும் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஃப்8பி இன்ஜின் குடும்பம் ஆம்னியிலும் 2019 வரை ஓடியது. பிஸ்டன், ரிங், கேஸ்கட் எல்லாம் இன்றும் சென்னை ஜி.பி. ரோட்டில் கிடைக்கும். துரு தின்ற பாடிக்கு மாற்று அப்படிக் கிடைக்காது. அதனால் இன்ஜின் சுமார், தகரம் சுத்தம் என்றால் வாங்கலாம். இன்ஜின் கனகச்சிதம், தகரம் மோசம் என்றால் சும்மா கொடுத்தாலும் யோசியுங்கள்.

பகல் வெளிச்சத்தில், வண்டி நனையாமல் இருக்கும்போது போங்கள். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். கதவின் கீழ் விளிம்பு, பின்சக்கர வளைவு, ரன்னிங் போர்டு (கதவுக்குக் கீழே ஓடும் தகரம்), டிக்கிக் கதவின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். மற்ற இடங்களில் கப்பென்று பிடிக்கும் காந்தம் ஓரிடத்தில் மட்டும் வழுக்கினால், அங்கே பெயின்ட்டுக்கு அடியில் இருப்பது பட்டி, அதாவது ஓட்டையையும் பள்ளத்தையும் மறைக்கப் பூசும் பசை. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் ரன்னிங் போர்டைத் தட்டினால் நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும். பட்டி அப்பிய இடம் தொப்பென்று கேட்கும்.

அடுத்து டிரைவர் காலடி மேட்டையும் அதன் கீழே இருக்கும் ஃபெல்ட்டையும் முழுசாகத் தூக்கச் சொல்லுங்கள். ஓனர் தயங்கினால் அதுவே பாதி பதில். வைப்பருக்குக் கீழே கண்ணாடி ஓரத்தில் இலை தழை அடைத்து, வடிகால் துளை மூடிக்கொள்ளும். மழைநீர் அங்கே தேங்கிக் காலடிக்குள் இறங்கும், ஃபெல்ட் அதைக் குடித்து வைத்துக்கொள்ளும், தகரம் உள்ளிருந்து துருப்பிடிக்கும். கட்டை விரலால் அழுத்தும்போது தரை அமுங்கினாலோ பொரபொரவென்று உதிர்ந்தாலோ புது ஃப்ளோர் போட வேண்டியதுதான். அது செய்யக்கூடிய வேலை. வண்டியை விட்டுவிட வேண்டிய இடங்கள் இரண்டு: பானெட்டைத் திறந்தால் இரு பக்கமும் தெரியும் முன் ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பர் தூண்) மேல்முனை உட்காரும் கிண்ணம், பின்பக்க அச்சைத் தாங்கும் டிரெய்லிங் ஆர்ம் வண்டியின் அடியில் மாட்டியிருக்கும் இடம். முழு பாரமும் அங்கேதான். அங்கே துரு துளைத்திருந்தால் ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள்.

ஃப்ளோர் வேலை என்றால் கேஸ் வெல்டிங் வேண்டாம். இந்த வண்டியின் மெல்லிய தகரம் அந்தச் சூட்டில் நெளிந்துவிடும். அழுகியதை முழுக்க வெட்டி எடுத்து, 20 கேஜ் தகரத்தை அளவாக வெட்டி, மிக் வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக இடம் மாற்றி மாற்றி வைத்து முடிக்கச் சொல்லுங்கள். பிறகு ஜிங்க் பிரைமர், இணைப்பில் சீலர், அடியில் அண்டர்கோட், ரன்னிங் போர்டின் உள்ளே மெழுகு ஸ்பிரே. துருவின் மேலேயே புதுத் தகரத்தைப் போர்த்தி அண்டர்கோட் அடித்துத் தருகிற கடைகளும் உண்டு. இரண்டு மழைக்காலம் கழித்துத் தெரியும். வேலை நடக்கும்போதே ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களிலேயே நின்ற வண்டியைவிட சேலம், தருமபுரிப் பக்கம் நின்ற வண்டிக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பது லாபம்தான்.

இன்ஜினைப் பொறுத்தவரை, நீங்கள் போய்ச் சேரும் வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த இன்ஜின் எப்படி எடுக்கிறது என்பது தெரியாமலே போகும். ஓட்டும்போது ஆக்சிலரேட்டரை மிதித்து ஏறும்போது நீலப்புகை வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும் ஒரு வீச்சு நீலப்புகை என்றால் வால்வு சீல். இது சின்ன வேலை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடித்தால் டக் டக் என்று கேட்பது சி.வி. ஜாயின்ட் (முன்சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு). இரண்டாவது கியரில் ஓடும்போது காலை எடுத்தால் கியர் தானாக நியூட்ரலுக்கு வந்தால் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும். பூஸ்டர் இல்லாத மாடலில் பிரேக் பெடல் கடினமாகத்தான் இருக்கும், அது பழுதல்ல.

கம்ப்ரஷன் கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். மூன்று பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்து அளக்க வேண்டும். காட்டுகிற எண்ணைவிட முக்கியம், மூன்று சிலிண்டருக்கும் இடையே (சதுர செ.மீ.க்கு) 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட்.

கேள்வி: டெல்லி நம்பர் கொண்ட 2008 மாடல் 800 ஒன்றை இங்கே பாதி விலைக்குத் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். நம்பி வாங்கலாமா? (ஓசூர் வாசகர்)

பதில்: டெல்லியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்குத் தடை இருப்பதால் அங்கே விலை விழுகிறது. அதில் மர்மம் ஒன்றுமில்லை. மர்மமெல்லாம் பேப்பரில்தான்.

தடையின்மைச் சான்று (படிவம் 28) கையில் இல்லாமல் ஒரு ரூபாய் முன்பணம் தராதீர்கள். அந்தச் சான்று எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் பெயருக்கு எழுதப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். உங்கள் ஊருக்கு இல்லாமல் வேறு ஊருக்கு இருந்தால் அலைச்சல். பதிவு ரத்தாகியிருக்கிறதா என்பதை வாகன் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். இன்ஜின் அறையின் பின்சுவரில் அடித்திருக்கும் சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அந்த இடத்தைச் சுற்றி மட்டும் தேய்த்த தடமோ வெல்டிங் கோடோ இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பெயர் மாற்றத்துக்கு விற்பவரின் கையெழுத்தோடு படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. பழைய கடன் ஆர்.சி.யில் ஏறியிருந்தால் படிவம் 35.

இனி கணக்கு. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க மத்திய அரசு விதித்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 20 ஆண்டு கடந்தால் 10,000. புதுப்பித்தல் ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். காலாவதியான பிறகு விண்ணப்பித்தால் கார்களுக்கு மாதம் 500 வீதம் கூடுதல் கட்டணம். மூன்று வருடம் கிடப்பில் கிடந்த வண்டிக்கு அது மட்டுமே 18,000. இதன் மேல் தமிழ்நாட்டு வாழ்நாள் வரி, பசுமை வரி, லாரி வாடகை. "பாதி விலை" எங்கே போய் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இதே கணக்கு உள்ளூர் வண்டியில் ஆர்.சி. காலாவதியாகியிருந்தாலும் பொருந்தும்.

கேள்வி: என் 800 பத்து கிலோமீட்டர் போனால் சூடாகிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, ஆனால் கீழே சொட்டுவதில்லை. இன்ஜினையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். வேறு வழி இல்லையா? (விருதுநகர் வாசகர்)

பதில்: பெரும்பாலும் ஹெட் கேஸ்கட்டாகத்தான் (இன்ஜினின் மேல்பாதியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) இருக்கும். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். (சூடான இன்ஜினில் மூடியில் கை வைக்கவே கூடாது.) உள்ளே இடைவிடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் புகுகிறது. ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் மோர் நிறத்தில் கொழகொழவென்று இருந்தால் தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கியிருக்கிறது. அந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும்.

ஆனால் கேஸ்கட் ஏன் போனது என்று கேட்காமல் கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் மறுபடி வந்து நிற்பீர்கள். ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா? சூடேறியதும் ஃபேனை ஓடவைக்கும் தெர்மோ ஸ்விட்சின் இரண்டு ஒயரையும் இணைத்தால் ஃபேன் சுற்றி, இணைக்காதபோது எவ்வளவு சூட்டிலும் சுற்றவில்லை என்றால் ஸ்விட்ச் போய்விட்டது. வருடக்கணக்கில் குழாய்த் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டர் உள்ளே உப்பும் துருவும் கட்டிப் பாதி அடைத்திருக்கும். இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது நம்மூர் மெக்கானிக்குகளின் நெடுநாள் பழக்கம். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்பார்கள். வால்வு இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமெடுக்கும். பெட்ரோல் அதிகம் குடிக்கும். புது வால்வு போடச் சொல்லுங்கள்.

ஹெட் அலுமினியம், பிளாக் இரும்பு. அதிகச் சூட்டில் முதலில் வளைவது ஹெட்தான். கழற்றியதும் ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்து ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும்: 0.05 மி.மீ. இலை எங்காவது தாராளமாக நுழைந்தால் லேத்தில் ஃபேசிங் (முகத்தைச் சீவிச் சமப்படுத்துவது). ஃபேசிங் செய்யும் முன் பிரஷர் டெஸ்ட் வைத்து வால்வு இருக்கைகளுக்கு இடையில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் இருந்தால் வேறு ஹெட் தேடுவதே மேல். திரும்ப மாட்டும்போது போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று கட்டமாக டார்க் ரெஞ்சில் முறுக்க வேண்டும். "கை கணக்கு தெரியும்" என்று சொல்லும் கடையில் ஹெட் வேலையைக் கொடுக்காதீர்கள். எப்படியும் கழற்றியாகிவிட்டது, டைமிங் பெல்ட், டென்ஷனர், வால்வு சீல் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். இனி கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

கேள்வி: இரண்டு மூன்று வாரம் நிறுத்திவைத்தால் ஸ்டார்ட் ஆவதே இல்லை. புதுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பதால்தான் என்கிறார்களே? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: பாதிதான் உண்மை. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் சின்ன அறையான ஃப்ளோட் சேம்பரில் நிற்கும் பெட்ரோல் சில வாரத்தில் ஆவியாகிவிடும். பம்ப் இன்ஜினால் இயங்குவது; செல்ஃப் அடித்துத்தான் அது மறுபடி நிரம்ப வேண்டும். சேம்பரின் பக்கவாட்டில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி இருக்கும். அதில் பெட்ரோல் மட்டம் நடுப் புள்ளியை ஒட்டி நிற்க வேண்டும். நிறுத்தி வைத்த வண்டியில் அது காலியாகத் தெரிந்தால் ஐந்து ஐந்து நொடியாக, இடைவெளி விட்டுச் செல்ஃப் அடியுங்கள். மட்டம் ஏறியதும் சோக்கை முழுக்க இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். மட்டம் ஏறவே இல்லை என்றால் பம்ப்பில் வால்வு அல்லது டயாஃப்ரம். பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளையில் பெட்ரோல் கசிகிறதா, டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் பம்ப்பை மாற்றி, ஆயிலையும் மாற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். மட்டம் சரியாக இருந்தும் எடுக்கவில்லையா? சாவியை ஆன் செய்யும்போது கார்புரேட்டரில் இருக்கும் சோலனாய்டு (பெட்ரோலைத் திறந்துவிடும் மின்வால்வு) "டிக்" என்று ஒலிக்க வேண்டும். ஒலிக்கவில்லை என்றால் முதலில் அதன் ஒயரைப் பாருங்கள். கார்புரேட்டரைப் பிரிக்க அவசரப்படாதீர்கள்.

எத்தனால் கெடுப்பது வேறு இடத்தில். 20 சதவீதக் கலவை பழைய ரப்பர் ஓஸை இறுக்கி வெடிக்க வைக்கும், காற்றின் ஈரத்தை இழுத்து டேங்க் அடியில் துருவேற்றும். இன்ஜின் சூடாக இருக்கும்போது பிளந்த ஓஸில் இருந்து வழியும் பெட்ரோல் தீப்பிடிக்க நேரமாகாது. அதனால் டேங்கில் இருந்து பம்ப் வரைக்கும், ரிட்டர்ன் உட்பட எல்லா ஓஸையும் மாற்றுங்கள், மேலே "எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9" என்று அச்சிட்டிருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். கார்புரேட்டர் கிட்டும் புதுசாகப் போடுங்கள். இந்தக் கலவைக்குக் காற்று குறைவாகப் போதும் என்பதால் பழைய ஜெட்டில் (பெட்ரோலை அளந்துவிடும் துளை) இன்ஜின் சற்று வறண்டு, அதாவது பெட்ரோல் போதாமல் ஓடும், மிதித்ததும் தடுமாறும். முதலில் ஐடில் மிக்சர் ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே எடுத்துப் பாருங்கள். ஓட்டத்திலும் தடுமாற்றம் தொடர்ந்தால் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றலாம். வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் ஐடிலில் விடுவதால் பயனில்லை, சைலன்சர்தான் துருப்பிடிக்கும். இருபது நிமிடம் ஓட்டுங்கள்.

கேள்வி: 1985 மாடல் எஸ்.எஸ்.80 (மாருதி 800இன் முதல் உருவம்) வைத்திருக்கிறேன். வின்டேஜ் பதிவு வாங்க முடியுமா? அதில் கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் பிற்கால எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் போட்டால் பதிவில் சிக்கல் வருமா? (மதுரை வாசகர்)

பதில்: இன்னும் இல்லை. 2021இல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு அது 2035. கிடைத்தாலும் தினசரி ஓட்ட முடியாது. அதுவரை சாதாரணப் புதுப்பித்தல்தான்.

இன்ஜின் மாற்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்குள் வரும். ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றாமல் ஓட்டினால் விபத்தின்போது இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நல்ல சாக்கு. பெயின்ட் நிறம் மாற்றினாலும் ஆர்.சி.யில் திருத்த வேண்டும். எங்களைக் கேட்டால் எஸ்.எஸ்.80க்கு ஒரிஜினல் இன்ஜினையே பிரித்துச் சரிசெய்து போடுங்கள். 1983 டிசம்பரில் தொடங்கி 1986 வரை மட்டுமே வந்த உருவம் அது. கிரில், விளக்குச் சட்டம், கண்ணாடி ரப்பர் எதுவும் சுலபத்தில் கிடைப்பதில்லை. அந்தப் பணத்தைச் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகச் சந்தையில் அவற்றைத் தேடிப் பிடிக்கச் செலவழியுங்கள், கிடைத்தால் இரண்டாக வாங்கிப் பரணில் போட்டு வையுங்கள்.