'தளர்', 'பின்தங்கு' ஆகிய சொற்களுக்குச் சரியான எதிர்ச்சொல் என்ன?

முதலில் 'தளராமை'யை ஒதுக்கிவையுங்கள். அதை விடையாகத் தருபவர்கள் உண்டு. ஆனால் அது எதிர்மறைதான், எதிர்ச்சொல் அன்று. 'வராதே' என்று சொல்வது 'போ' என்று சொல்வதாகிவிடாது.

எது தளர்கிறது என்று பார்த்துத்தான் விடை சொல்ல வேண்டும். முடிச்சோ பிடியோ தளர்ந்தால் எதிர்ச்சொல் 'இறுகு'. ஊரடங்கைத் தளர்த்தினால் அதற்கு எதிர், கடுமையாக்குவது. உடம்பு தளர்ந்தவர் தேறுவார். நொடித்துப்போன குடும்பம் மகன் காலத்தில் தலையெடுக்கும். அங்கே போய் 'வலுப்பெற்றது' என்று எழுதினால் அரசு அறிக்கை வாடை அடிக்கும்.

மனத் தளர்ச்சிக்கு 'ஊக்கம்' என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். என்னைக் கேட்டால், 'ஊன்று' என்ற சொல்லைச் சொல்வேன். ஊக்கமுடைமை அதிகாரத்தில் 597ஆம் குறள்:

சிதைவிடத்து ஒல்கார் உரவோர் புதையம்பிற்
பட்டுப்பாடு ஊன்றும் களிறு.

ஒல்குதல் என்றால் தளர்தல். உடம்பில் அம்புகள் புதையத் தைத்த பிறகும் யானை தன் பெருமையை நிலைநிறுத்துகிறது. அதுபோல உரம் உடையவர்கள் அழிவு வந்தபோதும் தளரமாட்டார்கள் என்பது பொருள். 'ஒல்கார்', 'ஊன்றும்' இரண்டும் ஒரே குறளில் எதிரெதிரே நிற்பதைக் கவனியுங்கள். அந்த யானை வென்றதாக வள்ளுவர் சொல்லவில்லை, எதிரி மேல் பாய்ந்ததாகவும் சொல்லவில்லை. காயத்தோடு நிற்கிறது, அவ்வளவுதான். 'ஊக்கம்' என்ற சொல்லில் இந்தக் காயம் தெரிவதில்லை.

'பின்தங்கு' இவ்வளவு தொல்லை தருவதில்லை. ஓட்டத்தில் 'முந்து', படிப்பில் 'முன்னேறு'. வாக்கு எண்ணும் நாளில் மட்டும் ஒருவர் பின்தங்க, இன்னொருவர் 'முன்னிலை வகிப்பார்'. அங்கே 'முன்னேறினார்' என்றால் கடைசி இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு வந்தவரையும் குறித்துவிடும்.

சிக்கலான இணை ஒன்று உண்டு: பிற்படுத்தப்பட்டோர், முற்பட்டோர். முதல் சொல்லில் 'படுத்தப்பட்ட' இருக்கிறது, யாரோ பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள் என்று அது சொல்கிறது. இரண்டாவது, தானாகவே நடந்து முன்னால் வந்துவிட்டதுபோல் நிற்கிறது. வடிவத்தில் எதிரெதிர் போலத் தோன்றினாலும், இந்த இரண்டையும் எதிர்ச்சொல் பட்டியலில் நான் சேர்க்கமாட்டேன்.