ராடு வாங்கவா, நரம்பு போதுமா?

கேள்வி: மும்பை சயான் கோலிவாடாவில் இருக்கிறோம். ஒன்பதாவது படிக்கும் மகனுக்குத் திடீரென்று மீன்பிடிக்கும் ஆசை. ராடும் ரீலும் சேர்ந்த செட் ஒன்று ஆன்லைனில் 3,499 ரூபாய், தள்ளுபடி போக 1,899 என்று வருகிறது. பக்கத்து வீட்டுக் கோலி மீனவப் பெரியவர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார். “ஒரு தூண்டில் நரம்பும் முள்ளும் போதும்” என்கிறார். எதை வாங்குவது?

பதில்: பெரியவர் பேச்சைக் கேளுங்கள். ராடு எதற்கு? தூரமாக வீச. உங்கள் பையன் ஏதோ ஒரு படகுத்துறை ஓரத்தில்தான் நிற்கப்போகிறான். அங்கே கெளுறு, கத்தாழை மீன்கள் காலடியிலேயே மேயும். அப்புறம், மலிவு ரீலுக்கு உப்புத் தண்ணீர் எமன். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்காவிட்டால் சீக்கிரமே கரகரக்கும். ஒன்பதாவது படிக்கிற பையன் கழுவுவானா, நீங்களே சொல்லுங்கள்.

நம் ஊர்க் கடற்கரையில் தங்கூசி என்பார்களே, அந்த ஒற்றை இழை நைலான் நரம்பைக் கேட்டு வாங்குங்கள். கைத்தூண்டிலுக்கு 0.60 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். பிடிக்கப்போகும் மீனுக்கு அவ்வளவு பலம் தேவையே இல்லை. ஆனால் மெல்லிய நரம்பு விரலை அறுத்துவிடும். பின்னல் நரம்பு இன்னும் மோசம், பிளேடு மாதிரி இறங்கும். பழைய சைக்கிள் ட்யூபில் ஓர் அங்குலம் வெட்டி ஆள்காட்டி விரலில் மோதிரம் போல மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். நரம்பு அந்த விரல் மேல்தான் கிடக்க வேண்டும். மீன் இரையைத் தொட்டதும் டொக் டொக் என்று விரலில் தெரியும். உள்ளங்கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது.

முள் வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். வெறும் எண் என்றால் எண் ஏற ஏற முள் சிறுத்துக்கொண்டே போகும். 4-ஐ விட 8 சின்னது. 1/0, 2/0 என்று பூஜ்யத்தோடு வந்தால் நேர் தலைகீழ், எண் ஏற ஏறப் பெரிது. இறால் துண்டு குத்திப் போட 4-ம் 1/0-ம் கொஞ்சம் கொஞ்சம் வாங்கினால் போதும். ஈயக்குண்டு மட்டும் ஐந்தாறு கூடுதலாக எடுங்கள், பாறையில் சிக்கிப் போய்க்கொண்டே இருக்கும். மெரைன் டிரைவின் நாலுகால் கான்கிரீட் கட்டைகளுக்கு நடுவே போட்டால் ஒரே மாலையில் அத்தனையும் காலி. மழைக்கால அலை அடிக்கும் ஜூன், ஜூலையில் பாறைப் பக்கமே அனுப்பாதீர்கள். நரம்பைச் சுற்றிவைக்க ஒரு காலி தண்ணீர் பாட்டில் போதும், அதற்கென்று காசு கொடுக்காதீர்கள்.

பையனிடம் ஒன்று சொல்லி அனுப்புங்கள்: கெளுறைத் தூண்டில் முள்ளிலிருந்து கழற்றும்போது அதன் முதுகிலும் இரு பக்கத் துடுப்பிலும் இருக்கும் முள்ளைத் தொடக்கூடாது. விஷமுள், குத்தினால் கடுக்கும். குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் கையை வைத்திருந்தால் வலி குறையும், அப்புறம் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ‘0.20 மி.மீ., 20 கிலோ தாங்கும், ஒற்றை இழை நைலான், 100 மீட்டர்’ என்று போட்டிருந்த தூண்டில் நரம்பை ஆன்லைனில் வாங்கினேன். பாதி வாளித் தண்ணீரைத் தூக்கிப் பார்த்தேன், அறுந்துவிட்டது. ‘பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்’ என்கிறார் விற்றவர். (செம்பூர் வாசகர்)

பதில்: அந்த விவரத்தைப் படித்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். 0.20 மி.மீ. ஒற்றை இழை நைலான் இரண்டு மூன்று கிலோதான் தாங்கும். முடிச்சுப் போட்ட இடத்தில் பலம் குறையும் என்று விற்றவர் வாதாடலாம். குறையும்தான், அதற்காக இருபது கிலோ நரம்பு பாதி வாளிக்கே அறுந்துவிடாது.

2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. பிரித்துப் பார்க்காமல் குறை எப்படித் தெரியும்? முதல் வேலையாக அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கே ‘20 கிலோ’ காணாமல் போகலாம். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். புகார் வந்ததை 48 மணி நேரத்தில் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, நீங்கள் வசிக்கும் இடத்திலேயே போடலாம், இரண்டு வருடம் அவகாசம் உண்டு.

அறுந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். மிச்சத்தையும் அளந்து பாருங்கள். மீனவர்கள் இரு கையையும் விரித்து ‘ஒரு பாகம்’ என்று அளப்பார்கள். உங்கள் பாகம் ஐந்தரை அடி என்றால், நூறு மீட்டருக்கு அறுபது பாகம் வர வேண்டும். நாற்பதிலேயே முடிந்துவிட்டால் புகாரில் இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.