வரலாறு எழுதுவோர் குழு: கேட்டீர்கள், சொல்கிறேன்

கல்வெட்டும் ஊர் வரலாறும் எழுதுகிறவர்களுக்காக ஏழு ஆண்டுகளாக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறேன். இதுபோலத் தொடங்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

அக்கா, எண்பது பேர் சேர்ந்தாச்சு. எழுதுவது மூன்று பேர்தான். என்ன செய்ய?

முதலில் ஆள் சேர்ப்பதை நிறுத்துங்கள். ஒரு வாரத்துக்கு ஒரே கல்வெட்டு என்று வைத்து, எல்லோரும் வரி வரியாகப் படியுங்கள். நாங்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டில் தொடங்கினோம். ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கும் குடவோலை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதில் நிற்பவருக்கு வயது 35-க்கு மேல் 70-க்குள், இறை (வரி) கட்டும் கால்வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் நிலம், சொந்த மனையில் வீடு என்று போகும் விதிகளை முழுதாகப் படித்தவர் யாருமில்லை. முன்பு வாரியத்தில் (சபையின் குழுவில்) இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிற்கக்கூடாது என்ற இடம் வந்ததும், அதுவரை வாயே திறக்காத ஒரு வங்கிக்காரர் பிடித்துக்கொண்டார். அவருடைய முதல் கட்டுரை அதுதான்.

தவறாக எழுதுகிறவரை மனம் நோகாமல் எப்படித் திருத்துவது?

சோழ இளவரசனான தன் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களை ராஜராஜன் தூக்கிலிட்டான் என்று ஒரு தம்பி எழுதினார். உடனே பத்துப் பேர் பாய்ந்தார்கள். 'வரலாறு தெரியாதா?' என்று கேட்டவர்கள்கூட ஒரு வரி ஆதாரம் தரவில்லை. அப்புறம் ஒருவர் உடையார்குடிக் கல்வெட்டின் வாசகத்தைப் போட்டார். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. 985-இல் பட்டமேறினான் என்றால் 986-87. 'துரோகிகளான' சோமன், ரவிதாசன் முதலியோர், அவர்கள் உறவினர் ஆகியோரின் உடைமைகளைப் பற்றித்தான் அது பேசுகிறது. தூக்கு அதில் இல்லை. தம்பி அன்று இரவே திருத்தி எழுதினார். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே விதி: மறுப்பதென்றால் கல்வெட்டு வரியோடு வா, இல்லையென்றால் சும்மா இரு.

சாதிப் பெருமைச் சண்டை வந்தால்?

வரும். ஒருமுறை தனியாகச் சொல்லுங்கள். அடுத்த முறை நீக்கிவிடுங்கள். நான் தயங்கித் தயங்கி நல்ல எழுத்தாளர்கள் இருவரை இழந்தேன்; சண்டை போட்டவர்கள் மட்டும் அப்படியே இருந்தார்கள்.

நான் மட்டக்களப்பு. பழைய நூல்களுக்கு எங்கே போவது?

இலங்கை நூல்களுக்கும் இதழ்களுக்கும் 'நூலகம்' என்ற இணையதளம் இருக்கிறதே! தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் பாருங்கள். அதற்கும் மேல் தேவையென்றால் குழுவில் கேளுங்கள், யார் வீட்டு அலமாரியிலாவது இருக்கும்.

நான் எடுத்த கல்வெட்டுப் படத்தை இன்னொருவர் தன் பெயரில் போட்டுவிட்டார்.

எங்களிடமும் நடந்தது. கோயில் சுவரை ஈரத்துணியால் துடைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுத்த படம் அது. எடுத்தவர் கோபித்துக்கொண்டு மூன்று மாதம் பேசவே இல்லை. இப்போது படம் எடுத்தவர், வாசித்தவர் இருவர் பெயரும் இல்லாத கட்டுரையை நாங்கள் பகிர்வதில்லை. போட்டவரிடம் நேராகக் கேளுங்கள். பாதிப் பேர் மன்னிப்புக் கேட்டுப் பெயரைச் சேர்த்துவிடுவார்கள்.